ஏன் என்று கேட்கும் செவிலியர்கள்: நர்சிங் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், வார்டு வார்டாக மாணவ மாணவியரைக் கூட்டிக்கொண்டு சுற்றும் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்களுக்கும்,



முதலாண்டுப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று, கையில் விளக்கேந்தி, நைட்டிங்கேல் உறுதிமொழி எடுத்துக்கொள்ளும் விழாவை நீங்கள் ஆண்டுதோறும் நடத்துகிறீர்கள். பெற்றோர் கண்கலங்கக் கேட்கும் அந்த உறுதிமொழியை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஃபாரண்ட் பயிற்சிப் பள்ளியின் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் ஒரு குழு எழுதி, மரியாதைக்காக நைட்டிங்கேலின் பெயரைச் சூட்டியது. மருத்துவரின் பணியில் விசுவாசத்தோடு துணைநிற்பேன் என்ற வாக்கு அதில் இருக்கிறது. தன் பராமரிப்பில் இருப்பவர்களின் நலனுக்கே தன்னை ஒப்படைப்பேன் என்ற வாக்கும் இருக்கிறது. இவை இரண்டும் மோதிக்கொண்டால் எந்தப் பக்கம் நிற்பது என்பதற்கு மட்டும் அதில் விடை இல்லை.

நைட்டிங்கேல் எழுதியது வேறு. 1860-இல் தனிச்சுற்றுக்காக அவர் மூன்று பாகங்களாக அச்சிட்ட ‘சஜஷன்ஸ் ஃபார் தாட்’ என்னும் நூல், கடவுள், இயற்கை நியதி, மனித சுதந்திரம், படித்த பெண்களை வீட்டுக்குள் வீணடிக்கும் குடும்ப அமைப்பு ஆகியவற்றைப் பற்றிய நீண்ட தத்துவ விசாரணை. ஜான் ஸ்டூவர்ட் மில் அதைப் படித்துவிட்டுக் கருத்து எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டில் பிளேட்டோவை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பெஞ்சமின் ஜோவெட்டுக்குத் திருத்தங்களும் யோசனைகளும் அனுப்பிவந்தவர் நைட்டிங்கேல். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவருடைய பயிற்சிப் பள்ளி திறந்ததும் அதே 1860-இல்தான். பிளேட்டோவோடு வாதாடிய ஒரு பெண்ணின் பெயரால், கீழ்ப்படிதலுக்கு முதலிடம் தரும் ஒரு படிப்பு உலகெங்கும் பரவியது பெரிய இழப்பு. அந்த இழப்பைச் சரிசெய்யும் வேலையில் உங்கள் பங்கைக் கேட்கவே இம்மடல்.

தத்துவம் என்றதும் கடைசி பெஞ்சில் கொட்டாவி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். நர்சிங் ஃபவுண்டேஷன் பாடத்தில் கோட்பாட்டாளர்களின் பெயர்களையும் படங்களையும் மனப்பாடம் செய்து பத்து மார்க் கேள்விக்கு எழுதும் வேலையை இங்கே சொல்லவில்லை. இந்த ஆணை சரிதானா, இது எனக்கு எப்படித் தெரியும், இவருக்கு எது நல்லது, அதை முடிவு செய்ய யாருக்கு உரிமை என்று படுக்கையருகே நின்று யோசிக்கும் பழக்கத்தையே இம்மடல் சொல்கிறது. ஐ.வி. போடுவதைப் போலவே இதையும் பழக்கித்தான் கொடுக்க வேண்டும். தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அறுபது ஆண்டுப் பழைய சோதனை ஒன்று சாட்சி.

1966-இல் சார்லஸ் ஹாஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதன் முடிவை வெளியிட்டார்கள். உண்மையான மருத்துவமனை, உண்மையான டியூட்டி. வார்டில் போன் அடிக்கிறது. நர்ஸுக்கு முன்பின் தெரியாத ஒரு மருத்துவர் பேசுகிறார். மருந்து அலமாரியில் ‘ஆஸ்ட்ரோடென்’ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். இருக்கிறது. இன்ன நோயாளிக்கு 20 மில்லிகிராம் கொடுத்துவிடுங்கள், நான் சற்று நேரத்தில் வந்து ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். டப்பாவின் லேபிளில் ஒரு நாளைக்கு அதிகபட்ச அளவு 10 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது. போனில் வரும் ஆணையை ஏற்கக் கூடாது என்பது மருத்துவமனையின் விதி. அந்த மருந்து அனுமதிப் பட்டியலிலும் இல்லை. ஆணை கொடுப்பவர் யாரென்றே தெரியாது. இத்தனைக்கும் பிறகு, 22 நர்ஸுகளில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள். டப்பாவில் இருந்தது வெறும் குளுக்கோஸ். மறைந்து நின்று கவனித்தவர்கள் படுக்கைக்குப் போகும் முன்பே தடுத்துவிட்டார்கள்.

அந்தச் சோதனையின் இன்னொரு பாதிதான் ஆசிரியர்களுக்கு முக்கியம். இதே சூழ்நிலையைக் காகிதத்தில் எழுதி வேறு 12 நர்ஸுகளிடமும் 21 நர்சிங் மாணவியரிடமும் கொடுத்து, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நர்ஸுகளில் 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். மாணவியர் 21 பேரும் கொடுக்க மாட்டோம் என்றார்கள். தேர்வில் கேட்டிருந்தால் ஏறக்குறைய அத்தனை பேரும் முழு மார்க். விதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போன் மணி அடிக்கும்போது, எதிர்முனையில் உறுதியான ஒரு குரல் கேட்கும்போது, அந்த அறிவு கைக்கு வரவில்லை.

மருந்தை எடுத்துக்கொண்டு நடந்த அந்த 21 நர்ஸுகளையும் கோழைகள் என்றோ அக்கறையற்றவர்கள் என்றோ யாரும் சொல்லிவிட முடியாது. மருத்துவர் சொன்னால் செய்வதே நல்ல நர்ஸின் இலக்கணம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர்கள் காலத்து நெறிமுறையே அப்படித்தான் இருந்தது. சர்வதேச செவிலியர் பேரவை 1953-இல் ஏற்ற நெறித்தொகுப்பு, மருத்துவரின் ஆணைகளை அறிவோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்றுவது செவிலியரின் கடமை என்றது; முறையற்றதில் பங்கேற்க மறுக்க வேண்டும் என்றும் அதிலேயே சேர்த்திருந்தது. 1973-இல் அதைத் திருத்தியபோது, செவிலியரின் முதல் பொறுப்பு பராமரிப்பு தேவைப்படும் மனிதர்களிடம் என்று மாற்றினார்கள். ஹாஃப்லிங் முடிவு வெளிவந்து ஏழு ஆண்டுகள் கழித்து வந்த மாற்றம் அது. விசுவாசத்தின் திசையே மாறியது. விளக்கேற்று விழாவில் இந்த மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

1977-இல் ராங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் இதே சோதனையை வேறுவிதமாகச் செய்து பார்த்தார்கள். இந்த முறை மருந்து எல்லோருக்கும் பழக்கமான வேலியம். பக்கத்தில் இருக்கும் சக நர்ஸிடம் கலந்து பேசவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் இரண்டே பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். மருந்தைப் பற்றித் தெளிவாகத் தெரிந்திருந்து, “இது சரியா படுதா உனக்கு?” என்று திரும்பிக் கேட்க ஓர் ஆளும் இருந்தால், மனிதர்கள் யோசிக்கிறார்கள். தனியாளின் வீரத்தை நம்பி இந்த வேலையை விட முடியாது. சேர்ந்து யோசிக்கும் பழக்கத்தை வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்று இம்மடல் வற்புறுத்துவது இதனால்தான்.

செவிலியரை வைத்தியரின் நிழலாகப் பார்க்காத மரபு நம்மிடமும் உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரம் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நான்கில் ஒரு பங்கு அவருக்கு. சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்லி, பார்த்துக்கொள்பவருக்கு வேண்டிய நான்கு குணங்களை அடுக்குகிறது. பராமரிக்கும் முறை பற்றிய அறிவு, திறமை, அன்பு, தூய்மை. அன்புக்கு முன்னால் அறிவை வைத்திருக்கிறது. “நர்ஸுன்னா பொறுமையும் அன்பும் இருந்தா போதும்” என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அந்த அறிவு எப்படிப்பட்டது என்ற கேள்வியை நவீன நர்சிங்கில் கூர்மையாகக் கேட்டவர் பார்பரா கார்ப்பர். 1978-இல் வெளிவந்த ஒரே கட்டுரையில், செவிலியர் அறிவதற்கு நான்கு வழிகள் உண்டு என்றார். அறிவியல் தரும் அறிவு. செய்நேர்த்தியில் கூடும் கலையறிவு. தன்னை அறிந்து இன்னொருவரைச் சந்திப்பதில் வரும் அறிவு. எது சரி என்று ஆராயும் அற அறிவு. பி.பி. 90/60 என்று பார்ப்பது முதல் வழி. ஆறு ஆண்டுகள் கழித்து பாட்ரிசியா பென்னர், நர்ஸ் ஒருவர் கற்றுக்குட்டியிலிருந்து தேர்ந்தவராக வளரும் ஐந்து படிகளை எழுதினார். அந்தப் படிகளை அவர் எடுத்துக்கொண்டது பெர்க்லி பல்கலைக்கழகத்துத் தத்துவப் பேராசிரியர் ஹூபர்ட் டிரைஃபஸும் அவருடைய சகோதரர் ஸ்டூவர்ட்டும் விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் ஆராய்ந்து செய்த மாதிரியிலிருந்து. மானிட்டரில் எல்லா எண்ணும் சரியாக இருக்கும்போதே, “இவருக்கு என்னவோ சரியில்லை, டாக்டரைக் கூப்பிடுங்கள்” என்கிறார் இருபது வருட அனுபவமுள்ள சிஸ்டர். அந்த ‘என்னவோ’ ஓர் அறிவா, வெறும் பயமா? அறிவென்றால் அதை எப்படிச் சோதிப்பது, டியூட்டி டாக்டருக்கு எப்படி எடுத்துச் சொல்வது? இது தத்துவத்தில் ஒரு முழுத்துறையின் கேள்வி. உங்கள் மாணவியர் நைட் டியூட்டியில் தினமும் சந்திக்கும் கேள்வியும்கூட.

ஆனால் அவர்கள் எழுதும் கேர் பிளானைப் பாருங்கள். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியது. அசெஸ்மென்ட், டயக்னோசிஸ், பிளானிங் என்று கட்டம் கட்டமாக நிரம்பி, கடைசி வரிசையில் தவறாமல் ‘சைக்கலாஜிக்கல் சப்போர்ட் கொடுக்கப்பட்டது’ என்று முடியும். யாருக்கு, என்ன பயம், என்ன சொல்லி ஆறுதல் கொடுத்தார் என்று எதுவும் இருக்காது. அந்த வரிக்கு நீங்கள் சிவப்பு மையில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். அறுபது ரெக்கார்டு திருத்த வேண்டிய நெருக்கடி புரிகிறது. ஆனாலும் அந்த ஒரு வரியில் பேனாவை நிறுத்தி, “என்ன பேசினே?” என்று எழுதிப் பாருங்கள். மாணவி மறுநாள் நோயாளியிடம் போய் உட்கார வேண்டியிருக்கும்.

இந்திய நர்சிங்கில் தத்துவம் கற்பிக்க வெளிநாட்டுப் புத்தகம் தேவையே இல்லாத ஒரு நிகழ்வு உண்டு. அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 25 வயது நர்ஸ். 1973 நவம்பர் 27 அன்று அதே மருத்துவமனையில் வேலை பார்த்த ஊழியன் ஒருவன் அவர் கழுத்தை நாய்ச் சங்கிலியால் இறுக்கித் தாக்கினான். மூளைக்கு ரத்தம் போகாமல் நின்றது. அதற்குப் பிறகு 41 ஆண்டுகளுக்கு மேல், 2015 மே 18-இல் நிமோனியாவில் இறக்கும்வரை, அருணா அதே மருத்துவமனையில் ஓர் அறையில் இருந்தார். உறவினர் வருகை படிப்படியாகக் குறைந்தது. பார்த்துக்கொண்டவர்கள் நர்ஸுகள். அவரைத் தாக்குதலுக்கு முன்பு அறிந்திருந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போன பிறகு, அவர் நடந்து ஒருநாளும் பார்த்திராத இளம் நர்ஸுகள் வந்து பொறுப்பேற்றார்கள். 1980-களில் அவரை அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்ற மாநகராட்சி முயன்றபோது நர்ஸுகள் போராட்டத்தில் இறங்கினார்கள், முயற்சி கைவிடப்பட்டது. அத்தனை ஆண்டுகளில் அவருக்குப் படுக்கைப்புண் வரவில்லை என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான உண்மை. அது எவ்வளவு பெரிய செய்தி என்று, ஒரு வாரம் படுத்த நோயாளிக்கே இரண்டு மணிக்கொரு தடவை பொசிஷன் மாற்றி முதுகு பார்த்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2009-இல் எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அருணாவைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அக்கறையில் குறை சொல்ல முடியாதவர். அருணா வாழ்வதாகச் சொல்வதே பொருந்தாது, வாயில் ஊட்டுவதை நிறுத்தி அவரை நிம்மதியாகப் போகவிட வேண்டும் என்பது அவருடைய வாதம். கே.இ.எம். நர்ஸுகளும் மருத்துவமனையும் எதிர்த்து நின்றார்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கடைசிவரை பார்த்துக்கொள்வோம் என்றார்கள்.

இங்கேதான் வகுப்பில் நின்று நிதானிக்க வேண்டும். நீதிமன்றம் நியமித்த மூன்று மருத்துவர்கள் கொண்ட குழு அருணாவைப் பரிசோதித்து, மூளைச்சாவு இல்லை, ஆனால் நிரந்தரத் தன்னுணர்வற்ற நிலைக்கான பெரும்பாலான அளவுகோல்களும் பொருந்துகின்றன என்றது. மருத்துவமனைத் தரப்பின் அறிக்கை வேறொன்று சொன்னது. அவர் முகபாவத்தால் எதிர்வினை காட்டுகிறார், சிறுநீர் மலம் கழிக்க வேண்டியிருந்தால் ஒலி எழுப்புகிறார், நர்ஸுகள் அதைப் புரிந்துகொண்டு கழிப்பறைக்கு அழைத்துப் போகிறார்கள் என்றது. வெளியிலிருந்து வந்து பரிசோதித்தவருக்குத் தெரியாத ஒன்று, முப்பது ஆண்டு கூடவே இருந்தவருக்குத் தெரியுமா? அல்லது அன்பினாலேயே, இல்லாத பொருளை அந்த ஒலியில் ஏற்றிவிட்டார்களா? இரண்டுக்கும் சாத்தியம் உண்டு. கார்ப்பரின் நான்கு வழிகளைப் பலகையில் எழுதிப் போடுவதற்குப் பதில், இந்த ஒரு ஒலியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினால் மாணவியருக்கு அந்த நான்கும் மறக்காது.

அடுத்த கேள்வி இன்னும் கடினம். ஸ்பூனால் ஊட்டுவது சிகிச்சையா, சோறு போடுவதா? இங்கிலாந்தில் 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் மூளை பாதிக்கப்பட்ட டோனி பிளாண்ட் என்ற இளைஞரின் வழக்கில், 1993-இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள், குழாய் வழியே கொடுக்கும் உணவு மருத்துவச் சிகிச்சையில் சேரும், அதை நிறுத்தலாம் என்று முடிவு செய்தார்கள். அருணா பல ஆண்டுகள் வாயால் மசித்த உணவு சாப்பிட்டவர்; 2010-இல் மலேரியா வந்த பிறகுதான் ரைல்ஸ் டியூப் தேவைப்பட்டது. டியூப் போட்ட அந்த நாளில் சோறு சிகிச்சையாக மாறிவிட்டதா? மாறியது என்றால் எதனால்?

2011 மார்ச் 7-இல் தீர்ப்பு வந்தது. அருணாவின் சார்பில் பேசும் உரிமை விரானிக்கு இல்லை, இத்தனை ஆண்டு பார்த்துக்கொண்ட கே.இ.எம். ஊழியர்களுக்கே என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில், உயர் நீதிமன்ற அனுமதியோடு, உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதற்கு நாட்டில் முதல்முறையாக வழியும் திறந்துவிட்டது. 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒருவர் தன் இறுதிக்காலச் சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. இன்று இந்தியாவில் ஒருவர் எப்படி இறக்கலாம் என்ற சட்டம், ஒரு நர்ஸின் படுக்கையைச் சுற்றி நடந்த வழக்கிலிருந்து பிறந்தது. நர்சிங் மாணவியர் இதைப் பொதுஅறிவுத் துணுக்காகப் படித்துவிட்டுப் போவது நியாயமில்லை. விரானியின் வாதத்தை ஒரு குழுவும் நர்ஸுகளின் வாதத்தை ஒரு குழுவும் எடுத்து வாதாடட்டும். அடுத்த வாரம் பக்கம் மாறி வாதாடட்டும். நர்ஸுகளின் பக்கமே இம்மடலின் மனம் சாய்கிறது. ஆனால் விரானியின் வாதத்தை முழுக்கக் கேட்காமல் அப்படிச் சாய்வதற்கு மதிப்பில்லை.

தலைப்புச் செய்தியாகாத கேள்விகளும் இருக்கின்றன; எண்ணிக்கையில் அவையே அதிகம். புற்றுநோய் வார்டில் அறுபது வயது ஐயா. மகன் நர்சிங் ஸ்டேஷனுக்கு வந்து தாழ்ந்த குரலில், “சிஸ்டர், அப்பாவுக்கு இன்னும் தெரியாது. கட்டின்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க” என்று கெஞ்சிவிட்டுப் போகிறார். இரவு பதினொரு மணிக்கு ஊசி போடப் போகும்போது அப்பா கேட்கிறார்: “ஏம்மா, எனக்கு என்னம்மா? எல்லாரும் மூஞ்சிய திருப்பிக்கிறாங்க.” எல்லா மாணவியருக்கும் தெரிந்த பதில் ஒன்று உண்டு: “நாளைக்கு ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட கேளுங்க ஐயா.” அந்தப் பதில் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கும் அது பதில் இல்லை.

பொய்யே கூடாது என்ற தத்துவவாதி கான்ட் இந்த இடத்தில் என்ன சொல்வார் என்று தெரியும். நோயாளியின் தன்னுரிமை முதலில் என்று பாடப்புத்தகம் சொல்லும். குடும்பம் சேர்ந்து முடிவெடுக்கும் நம் ஊரில் அந்த ஐயாவே, “எல்லாத்தையும் பையன்கிட்ட பேசிக்கோங்க” என்று சொல்லக்கூடியவர். அதுவும் அவருடைய தன்னுரிமைதான். எனவே அவரிடம் கேட்க வேண்டும். “உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்கு ஐயா?” என்று கேட்கலாம். “என்னவா இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?” என்றும் கேட்கலாம். பாதிப்பேருக்கு மேல் முன்பே ஊகித்திருப்பார்கள் என்று அனுபவமுள்ள சிஸ்டர்கள் சொல்வார்கள். பிறகு மகனை உட்காரவைத்து, அப்பா கேட்க ஆரம்பித்துவிட்டார் என்று சொல்லி, மருத்துவரோடு சேர்ந்து அடுத்த அடியை யோசிக்கலாம். இந்த இரண்டு கேள்விகளையும் அந்த இருட்டில் சொந்தமாகக் கண்டுபிடிக்க இருபது வயதுப் பெண்ணை விடக் கூடாது. பகலில், வகுப்பில், ஒருவர் அப்பாவாகவும் ஒருவர் மகனாகவும் நடித்து ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

இப்படி யோசித்த ஒரு நர்ஸ் உலக மருத்துவத்தையே திருப்பினார். சிசிலி சாண்டர்ஸ் 1938-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அரசியலும் தத்துவமும் பொருளாதாரமும் படிக்கச் சேர்ந்தவர். போர் வந்ததும் படிப்பைப் பாதியில் விட்டு, நைட்டிங்கேல் தொடங்கிய அதே செயின்ட் தாமஸ் பள்ளியில் நர்சிங் படித்தார். முதுகுவலியால் நர்ஸாகத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். 1948-இல் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதி, குடும்பமின்றிப் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தபோது, அவர் அருகே உட்கார்ந்து பேசிய பேச்சுகளில் இறப்போருக்கான இல்லம் பற்றிய எண்ணம் பிறந்தது. டாஸ்மா 500 பவுண்டு எழுதிவைத்துவிட்டு இறந்தார். இறப்போரின் வலியைப் பற்றி ஏதாவது செய்ய வேண்டுமானால் மருத்துவம் படி, நர்ஸ் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று ஓர் அறுவை மருத்துவர் சாண்டர்ஸிடம் சொன்னார். முப்பது வயதைத் தாண்டியபின் படிக்கத் தொடங்கி 1957-இல் மருத்துவரானார். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் திறந்தது.

அவர் கேட்டது ஒரு தத்துவக் கேள்வி: வலி என்றால் என்ன? முதுகில் தொடங்கிய வலி இப்போது தன்னை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது என்று ஒரு நோயாளி சொன்னதைக் கூர்ந்து கேட்டார். உடல், மனம், குடும்பமும் பணமும் பற்றிய கவலை, வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பு ஆகிய நான்கும் பின்னிய ‘முழு வலி’ என்ற கருத்து அதிலிருந்து வந்தது. வலி வந்து கதறிய பிறகு மார்ஃபின் கொடுக்காமல், வலி தலைதூக்கும் முன்பே மணிக்கணக்கு வைத்துக் கொடுக்கும் முறையை அவர் பரப்பினார். கருத்து மாறியது, மருந்து அட்டவணையும் மாறியது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய, கேரளத்தில் வீடு வீடாகச் செவிலியர் செல்லும் வலிநிவாரண இயக்கம் அதே கருத்தின் கிளை. “வலியை பத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க” என்று ஸ்கேலைக் காட்டும் மாணவி, அந்த எண்ணுக்குள் அடங்காதது என்ன என்றும் கேட்கத் தெரிந்தவளாக இருந்தால் நல்லது. நர்ஸ் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று இன்னொரு சாண்டர்ஸிடம் யாரும் சொல்லக் கூடாது.

இதற்கெல்லாம் நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பு வலுவானது. கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்து அனுப்பினால், தனியார் மருத்துவமனையில் முதல் மாதமே வேலை போகும்; அல்லது ஒரு சிஸ்டருக்கு நாற்பது நோயாளி இருக்கும் வார்டில், சரி எது என்று தெரிந்தும் செய்ய முடியாமல் பிள்ளைகள் உடைந்துபோவார்கள். உண்மைதான். ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி நர்ஸுகளுக்குப் பாடம் நடத்தியபோது கண்டது இதைத்தான். சரியானது எது என்று தெரிந்தும், நிறுவனத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாத நிலையில் வரும் வேதனைக்கு 1984-இல் அவர் ‘அறத் துயர்’ என்று பெயர் வைத்தார். பெயர் கிடைத்ததால் ஒரு பலன் உண்டு. “எனக்கு மனதைரியம் போதவில்லை” என்று தன்னையே நொந்துகொண்டு வேலையை விட்டுப் போகிற பெண், பிரச்சினை ஆள்பற்றாக்குறையில் இருக்கிறது என்று அடையாளம் காண்கிறாள். இன்சார்ஜ் சிஸ்டரிடமும் சங்கத்திலும் அதை எடுத்துச் சொல்ல அவளுக்கு வார்த்தை இருக்கிறது.

யோசிக்காமல் இருந்தால் அந்த வேதனையிலிருந்து தப்பிக்கலாமே என்றால், அந்தப் பாதை போய்ச் சேரும் இடமும் தெரிந்ததே. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நிதி இலக்கையும் தன்னாட்சி நிர்வாகத் தகுதியையும் துரத்திக்கொண்டிருந்தபோது, நோயாளிகள் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் உதவியின்றித் தவித்தார்கள். 2013-இல் வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான விசாரணை 290 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அங்கே படித்த நர்ஸுகளும் இருந்தார்கள், எழுதிவைத்த விதிகளும் இருந்தன. குறையைக் கண்டும் அதைக் குறையென்று சொல்லாத வழக்கம் வார்டு வார்டாகப் பழகிப்போயிருந்தது.

பாடத்திட்டத்தில் இடம் இல்லை என்ற மறுப்பு அவ்வளவு வலுவில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டம் 2021-இல் அரசிதழில் வந்தது. தொழில் விழுமியங்களும் உயிரியல் அறமும் அதில் தனித் தாள். வேலூர் சி.எம்.சி.யும் டெல்லியும் 1946-இலேயே நர்சிங்கைப் பட்டப்படிப்பாக்கிவிட்டன; பல்கலைக்கழகப் பட்டம் என்றாலே யோசிப்பதற்கும் சேர்த்துத்தான். தாளும் பட்டமும் இருக்கின்றன. அந்தத் தாளை மருத்துவ அறத்தின் நான்கு கொள்கைகளின் விளக்கமாகவும் நெறித்தொகுப்பின் ஒப்பித்தலாகவும் முடித்துவிடாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், போஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்து. கிளினிக்கல் போஸ்டிங் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரைமணி நேரம் போதும். வாரத்துக்கு ஒரு நாள், அந்த வாரம் வார்டில் மனதை உறுத்திய ஒன்றை ஒரு மாணவி சொல்லட்டும். டியூபைப் பிடுங்குகிறார் என்று பாட்டியின் கையைக் கட்டிலில் காஸ் துணியால் கட்டியிருந்தார்கள், சரியா? இரவு ஒன்பது மணிக்கு, படிக்கத் தெரியாத அம்மாவிடம் ஆபரேஷன் சம்மதப் படிவத்தை நீட்டி, “இங்க கைநாட்டு வைங்கம்மா” என்று வாங்கி வரச் சொன்னார்கள், அது சம்மதமா? முதல் பத்து நிமிடம் ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. பிறகும் விடை சொல்ல வேண்டாம். “ஏன் அப்படி நினைக்கிறே? அந்தப் பாட்டி இடத்துல நீ இருந்தா? இதே பதிலை ஐ.சி.யு.வுக்கும் சொல்வியா?” என்று கேட்டால் போதும்.

மருந்து ஆணையைக் கேள்வி கேட்பதையும் புரொசீஜராகவே லேபில் செய்து பழக்குங்கள். “சார், லேபிளில் அதிகபட்சம் 10 என்று இருக்கிறது. நீங்கள் 20 சொல்கிறீர்கள். சரியா என்று இன்னொரு முறை உறுதிசெய்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்” என்ற வாக்கியத்தை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். குரல் நடுங்காமல் வருவதற்குப் பல முறை ஆகும். டாக்டராக நடிப்பவர் அதட்டட்டும்.

பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரியில் தத்துவத் துறை இருந்தால் கதவைத் தட்டுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்துக்கென்றே ராதாகிருஷ்ணன் உயராய்வு நிறுவனம் இருக்கிறது. நர்சிங்கின் தத்துவத்துக்காகவே 2000 முதல் ‘நர்சிங் ஃபிலாசஃபி’ என்ற ஆய்விதழ் வந்துகொண்டிருக்கிறது. தத்துவ ஆசிரியர்களும் வகுப்பறையை விட்டு ஒரு நாள் வார்டுக்கு வரட்டும். உயிர், உணர்வு, மரணம் என்று அவர்கள் பேசுவதெல்லாம் அங்கே எண் போட்ட கட்டிலில் படுத்திருக்கிறது. கேட்பதற்கு அவர்களுக்கும் நிறைய இருக்கும்.

கடைசியாக ஒன்று. வகுப்பில் எழுந்து, “மேடம், நீங்க சொன்னது சரியில்லைன்னு தோணுது” என்று சொல்லும் மாணவியை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் மற்ற ஐம்பத்தொன்பது பேரும், நாளை மருத்துவரிடம் பேசலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். நீங்களும் பிரின்சிபல் அறையில் நின்றுகொண்டே பதில் சொல்லி வளர்ந்தவர்களாக இருக்கலாம். அந்த வழக்கத்தை உங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். வரும் இன்டர்னல் தேர்வில் ஒரே ஒரு கேள்வியை மாற்றிப் பாருங்கள். கொள்கைகளை விளக்குக என்று கேட்காமல், கை கட்டப்பட்ட அந்தப் பாட்டியைப் பற்றிக் கேளுங்கள். கட்டலாம் என்று எழுதினாலும் கூடாது என்று எழுதினாலும் மார்க் உண்டு, காரணத்துக்கே மார்க் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். உங்கள் கருத்துக்கு எதிரான விடை உங்களுடையதைவிட நன்றாக வாதாடியிருந்தால், முழு மார்க் போட்டு, அந்த விடையை வகுப்பில் எல்லோருக்கும் படித்துக்காட்டுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
உங்கள் மாணவியரின் பராமரிப்பில் ஒருநாள் படுக்கப்போகும் பொதுமக்களில் ஒருவர்